வேர்ல்டு பாய் சேலம் போன கதை

உலகத்திலுள்ள அத்தனை தேசத்து அப்பா அம்மாக்களையும் அவரவர் பெற்ற பிள்ளைகளோடு சேர்த்துப் படம் பிடித்தே தீருவேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டு, அதே மூச்சில் ஏற்காடு மலையை விட்டு ஓரடிகூட இறங்கமாட்டேன் என்றும் அடம்பிடித்த மனுஷர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் வேர்ல்டு பாய்.

சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். ஊரில் யாருக்கும் தெரியாது. ஏற்காட்டு ஒண்டிக்கடை முக்கில் ஒரு சின்ன போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். வாயைத் திறந்தால், "வேர்ல்டுல எங்க போயி பாத்தாலும்..." என்றுதான் ஆரம்பிப்பார். இவர் எங்கே போய்ப் பார்த்தார்? சேலத்துக்கே போனதில்லை. வண்டி இரண்டு கொண்டை ஊசி வளைவு திரும்பினால் போதும், பாய்க்குக் குடல் வாய்க்கு வந்துவிடும். நம் ரோட்டிலோ இருபது வளைவு. ஆகவே நாம் இறங்குவதற்குப் பதில் உலகம் ஏறி வரட்டும் என்று முடிவு செய்துவிட்டார்.

உலகமும் வெட்கமில்லாமல் ஏறி வந்தது. வந்து என் ஹோம்ஸ்டேயில் தங்கியது. அங்கேதான் எனக்குப் பிடித்தது சனி.

வெளிநாட்டுக் குடும்பம் ஏதாவது வந்திருக்கிறது என்று மோப்பம் பிடித்தால், விடிந்தும் விடியாமலும் பாய் கேமராவோடு என் வாசலில் நிற்பார். அவருக்கு ஒரே ஒரு சித்தாந்தம். சிரிக்கச் சொல்லக்கூடாது, கட்டிப் பிடிக்கச் சொல்லக்கூடாது. பனிக்காற்று வீசுகிற மேட்டில் கொண்டுபோய் நிறுத்தி, ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

"குளுரட்டுமுங்க அம்மிணி. புள்ளைக்குக் குளுருனா பெத்தவங்க கை சும்மா இருக்காது. வேர்ல்டுல எந்த நாட்டுக்காரங்களா இருந்தாலும் இழுத்து அணைச்சுக்குவாங்க. அப்பத்தான் அமுக்கோணும்!"

அவர் படம் அமுக்கினார். என் விருந்தாளிகள் மூக்குச் சிந்தினார்கள். 'இடம் அருமை, உணவு அருமை, ஆனால் யாரோ ஒருவர் வந்து எங்கள் ஸ்வெட்டரைப் பறித்துக்கொண்டார்' என்று ஒரு பிரான்ஸ் நாட்டுத் தகப்பன் எழுதிவிட்டுப் போனான். அதைக் காட்டிச் சண்டை போட்டால், "படம் பாத்தீங்களா? அதச் சொல்லுங்க மொதல்ல" என்றார். பார்த்தேன். அந்தத் தகப்பன் தன் கோட்டுக்குள் மகளைச் சுருட்டி வைத்திருந்தான். பித்தானுக்கு நடுவே அவள் மூக்கு மட்டும் தெரிந்தது. பாழாய்ப்போன படம் அவ்வளவு அழகாக இருந்தது.

இந்தச் சித்தாந்தத்துக்கு ஆப்பு வைத்தது ஒரு நார்வே குடும்பம். பாய் வழக்கம்போல மேட்டில் நிறுத்தினார், ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னார், காத்திருந்தார். அந்த வீட்டுப் பையனோ வெயில் காய்வது மாதிரி நின்றான். கொஞ்ச நேரத்தில் சட்டையையும் கழற்றிவிட்டான். பாய்க்குத்தான் பல் கிட்டித்துவிட்டது. கடைசியில் அந்த அம்மாள் ஓடிவந்து தன் சால்வையைப் பாய்க்குப் போர்த்தி, முதுகைத் தேய்த்துவிட்டாள். மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தார். பார்க்கப் போன என்னிடம், "அந்த நாட்டுக்கு மட்டும் வேற ரோசனதான் பண்ணோணும்" என்று அனத்தினார்.

உள்ளூர்க்காரர்களும் தப்பவில்லை. தனியாக நிற்கிறவனைப் படமெடுப்பது பாய்க்குப் பாவம் மாதிரி. "ஒத்தை மூஞ்சியில என்னங்க இருக்குது?" என்பார். பக்கத்து ஊரான வெள்ளக்கடையிலிருந்து ஒரு பையன் வேலைக்கு விண்ணப்பம் போடப் படம் கேட்டு வந்தபோது, அம்மாவையும் கூட்டிவரச் சொன்னார். அந்த அம்மா மகன் கழுத்தில் அப்பியிருந்த பவுடரை முந்தானையால் துடைத்த நேரம் பார்த்து அமுக்கிவிட்டார். விண்ணப்பம் போன வேகத்தில் திரும்பி வந்தது. பையன் குதித்தான். அவன் அம்மாவோ அதையே பெரிதாகப் போட்டு வீட்டில் மாட்டிவிட்டாள்.

இத்தனை அளப்பவர், சொந்த மகள் நஸீமாவைச் சேலத்தில் கட்டிக் கொடுத்தார். கல்யாணம்கூட மலைமேல்தான். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பஸ்ஸில் ஏறிவந்து, பாதிப் பேர் முகம் பச்சையாகி இறங்கினார்கள். அப்புறம் புதுவீடு புகுந்த விசேஷம் வந்தது, நாத்தனார் கல்யாணம் வந்தது. எதற்கும் பாய் போகவில்லை. நஸீமாதான் ஏறி ஏறி வருவாள். "எங்க அத்தா வேர்ல்டுக்கே போட்டோ எடுப்பாருங்க. எங்க ஊடு மட்டும் வேர்ல்டுல சேத்தி இல்லை" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

போன வருஷம் அவள் உண்டானாள். தலைப்பிரசவம், தாய்வீட்டுக்கு வரவேண்டும். டாக்டரோ வளைவு ரோடே கூடாது என்று சொல்லிவிட்டார். பாயின் சம்சாரம் கீழே போய் மகளோடு இருந்தார். பாய் மேலே தனியாகச் சமைத்துத் தின்றுகொண்டு, போனில் மகளுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் காலை என் கேட்டைத் தட்டினார். கேமராவைக் காணோம், சட்டைப் பித்தானும் மாறிப் போட்டிருந்தது.

"அம்மிணி, நஸீமாவுக்கு வலி எடுத்திருச்சாமுங்க. நாள் இன்னும் இருக்குது, முன்னாடியே எடுத்திருச்சு. சேலம் போகோணுங்க."

என் காதையே நான் நம்பவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

முதல் வளைவு வந்ததும், "நிறுத்துங்க" என்றார். இறங்கினார். விறுவிறுவென்று நடந்து வளைவைக் கடந்து அந்தப் பக்கம் போய் நின்றார். நான் திருப்பிக்கொண்டு போனதும் மறுபடி ஏறிக்கொண்டார்.

"என்ன பாய் இது கூத்து?"

"நேர் ரோடு என்னைய ஒண்ணும் பண்ணாதுங்க. திருப்பந்தான் ஆகாது. அத மட்டும் நடந்துக்கறேன்."

அடுத்த வளைவிலும் இதே கதை. அதற்கடுத்ததிலும் இதே. எனக்கு ரத்தம் தலைக்கேறியது. எதிரே வந்த பஸ்ஸிலிருந்து கண்டக்டர் தலையை நீட்டி, "வேர்ல்டு பாய்! கார தள்ளிட்டா போறீங்க?" என்று கத்தினார். குரங்குகள்கூட வேலையை விட்டுவிட்டுப் பார்த்தன.

"பாய், நீங்க இப்படி நடந்து போய்ச் சேர்றதுக்குள்ள உங்க பேரப்புள்ள பள்ளிக்கூடமே போயிடும்!" என்று நான் கத்தினேன்.

அப்போதுதான் போன் வந்தது. அவர் சம்சாரம் பேசியது வெளியே கேட்டது.

"ஏனுங்க, புள்ளைய ஆப்பரேஷனுக்கு உள்ள கூட்டிட்டு போயிட்டாங்க. வயித்துல இருக்கற கொழந்தைக்குத் துடிப்பு கொறையுதாமுங்க. எனக்கு நொம்பப் பயமா இருக்குதுங்க... நீங்க வாங்க."

பாய் ஏறி உட்கார்ந்தார். கார்க் கதவை இழுத்துச் சாத்தினார். "போங்க அம்மிணி" என்றார், அவ்வளவுதான்.

போனேன். அடுத்த வளைவு வந்தது. நிறுத்தச் சொல்லுவார் என்று பிரேக்கில் கால் வைத்தேன், சொல்லவில்லை. அதற்கடுத்த வளைவிலும் வாயைத் திறக்கவில்லை. முன் கண்ணாடியில் நெற்றி இடிக்கிற மாதிரி குனிந்து உட்கார்ந்திருந்தார். உதடு மட்டும் ஓதிக்கொண்டே இருந்தது. என் சாமிகளையெல்லாம், மேலே குகைக்குள் இருக்கும் சேர்வராயனையும் சேர்த்து, மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டே வளைத்து வளைத்து இறக்கினேன்.

அடிவாரத்தில் கார் நேர் ரோட்டில் ஓடத் தொடங்கியதும் தலையைத் தூக்கினார்.

"இன்னும் எத்தனை திருப்பமுங்க இருக்குது?"

"எல்லாம் முடிஞ்சுபோச்சு, பாய்."

"முடிஞ்சிருச்சா?" என்று கேட்டவர், சட்டென்று ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டினார். அத்தனை வளைவுக்கும் சேர்த்து அங்கேதான் வாந்தி எடுத்தார். நல்லவேளை, பின்னால் யாரும் வரவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் சம்சாரம் முக்காட்டால் முகத்தை மூடி அழுதுகொண்டிருந்தார். பாய் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அந்த அம்மாள் நிமிர்ந்து எங்களைப் பார்த்து, "பொம்பளப் புள்ளைங்க. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்று சொல்லிவிட்டு இன்னும் பலமாக அழுதார். அப்பாடா! அந்த நிமிஷம் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது. பாய் வராந்தாவிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் வந்து எழுப்ப வேண்டியதாயிற்று.

உள்ளே விட்டபோது நஸீமா அரை மயக்கத்தில் இருந்தாள். கண்ணைத் திறந்தவள், கட்டில் ஓரம் அப்பாவைப் பார்த்ததும் பதறிப்போய் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"அத்தா! மேல என்ன ஆச்சு? யாருக்கு என்ன ஆச்சு? எங்கிட்ட மறைக்காதீங்க!"

அறையே சிரித்தது. பாய் மட்டும் சிரிக்கவில்லை.

"யாருக்கும் ஒண்ணும் ஆகல, கண்ணு" என்றார். "உன்னயப் பாக்கத்தான் வந்தேன்."

அவள் நம்பவில்லை. என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அப்புறம் அவள் அப்பாவின் மாறிப்போன சட்டைப் பித்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள். ஊசி குத்திய கை, பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. மெதுவாகத்தான் போட்டாள். அவர் சின்னப் பையன் மாதிரி குனிந்து காட்டிக்கொண்டிருந்தார்.

அதை நான் என் போனில் எடுத்தேன். படம் கலங்கிப்போய் வந்திருந்தது. பிற்பாடு வாங்கிப் பார்த்த பாய், "என்னங்க அம்மிணி, இப்பிடி ஆட்டிப்போட்டீங்க?" என்று குறைபட்டுக்கொண்டார். வெளிச்சம் போதவில்லை பாய் என்று சமாளித்துவிட்டேன். அழுதுகொண்டே எடுத்தேன் என்று அந்த மனுஷனிடம் ஒப்புக்கொண்டு, நான் அப்புறம் இந்த மலையில் குடியிருக்க முடியுமா?