முதல் ஷாட்டில் முகம் கிடையாது

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

நடுக்கடலில் தலைசுற்றல் ஏதுமின்றித் தாங்கள் நலமாக மிதந்துகொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு அனைவரும் நலம் என்று எழுத, ஆஸ்பத்திரிக்காரர்கள் வாய் திறப்பதற்காகக் காத்திருக்கிறேன். கப்பலுக்கு மெயில் மட்டும்தான் வரும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

தாங்கள் கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மச்சான், நான் வர்றதுக்குள்ள புள்ள பொறந்துரும். முதல் சீன் போச்சுன்னா எனக்கு மீதிப் படமே ஏறாது, உனக்கே தெரியும். என் புள்ளையோட முதல் சீனை நீதான் எடுத்து அனுப்பணும்" என்று சொன்னீங்க இல்ல, அன்னிலேர்ந்து எனக்குச் சோறு இறங்கல அத்தான். 'முதல் அஞ்சு நிமிஷம்'னு பேஜ் நடத்துறவன் நான், நாலாயிரம் பேர் ஃபாலோ பண்றாங்க, எந்தப் படமா இருந்தாலும் ஆரம்பக் காட்சிக்கு மட்டும்தான் மார்க் போடுவேன், இன்னிவரைக்கும் ஒருத்தருக்கும் பத்துக்குப் பத்து போட்டதில்ல. சொந்த அக்கா புள்ளையோட என்ட்ரிய சொதப்பிட்டு வெளியில தலை காட்ட முடியுமா? அதனால பக்காவா பிளான் போட்டேன். முதல்ல மூடின கதவு, பத்து செகண்டுக்கு ஒண்ணுமே நடக்காது. அப்புறம் கதவு திறக்கும். நர்ஸ் செருப்பு, வெள்ளைத் துணி, துணிக்கு வெளியே ஒரு கால். முகம் மட்டும் கிடையாது. எடுத்தவுடனே முகத்தைக் காட்டறதுக்கு இது என்ன பாஸ்போர்ட் போட்டோவா?

இன்னிக்குக் காலையில ஒன்பது மணிக்கு அக்காவை உள்ள கொண்டுபோனாங்க, கதவு மேல சிவப்பு லைட் எரிஞ்சது. வெளியில நான், அம்மா, அப்புறம் காக்கிச் சட்டையோட ஒரு பஸ் டிரைவர் அண்ணன். அவர் சம்சாரமும் உள்ளதான். மனுஷன் உக்காரவும் மாட்டேங்கறார், நிக்கவும் மாட்டேங்கறார். பதினொன்றரைக்கு டாக்டரம்மா வெளிய வந்து நேரா நம்மகிட்டதான் வந்தாங்க. "பிரஷர் ஏறிட்டே போகுது. ஆபரேஷன் பண்ண வேண்டி வரலாம், கையெழுத்துப் போடுங்க." அம்மா பேர்ல மொத்தமே நாலு எழுத்து, மூணாவதுல பேனா நின்னுடுச்சு. நான் தோளைப் பிடிச்சதும்தான் நாலாவது வந்தது. அப்புறம் மருந்துச் சீட்டை எடுத்துக்கிட்டு அம்மா கீழே ஓடினாங்க. ஓடும்போதே என் போனைக் காட்டி, "அந்தச் சனியனைப் பாக்கெட்ல வைடா"ன்னாங்க. நான் வைக்கல.

பன்னெண்டேகாலுக்குக் கதவு திறந்தது. நர்ஸ் "பையன்"னு வாய் திறக்கறதுக்குள்ள, "சிஸ்டர், ஒரே ஒரு நிமிஷம், உள்ள போயிட்டு மறுபடி வாங்க, கதவு ஃபோகஸ் ஆகல"ன்னேன்.

"தம்பி, இது புள்ள. பார்சல் இல்ல."

அதுக்குள்ள டிரைவர் அண்ணன் ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு குறுக்க வந்துட்டார். "அண்ணே, ஃப்ரேம்ல நிக்கறீங்க, கொஞ்சம் தள்ளுங்க"ன்னேன். பாவம், தள்ளிப்போய் சுவரோரமா நின்னு தேம்பித் தேம்பி அழுதார். அடுத்த வீட்டுப் புள்ளைக்கு இப்படி அழற மனுஷன் இந்தக் காலத்துல யாரு இருக்கா? கால் கிடைச்சது அத்தான். கட்டைவிரல் மட்டும் தனியா ஆடுது, யாருக்கோ வணக்கம் சொல்ற மாதிரி. பத்துக்குப் பத்து போட்டுட்டேன். ஸ்கிரீன்ல முகம் வந்துடக் கூடாதுங்கற கவனத்துல நானே இன்னும் முகத்தைப் பார்க்கல. நர்ஸ் புள்ளையைத் திரும்ப உள்ள கொண்டுபோனப்ப டிரைவர் அண்ணனும் பின்னாடியே ஓடினார், அவ்வளவு பாசம். போறதுக்கு முன்னாடி என் கையைப் பிடிச்சு "ரொம்ப நன்றி தம்பி"ன்னார். எதுக்குன்னு தெரியல.

இப்ப வராண்டா கடைசியில போனைச் சார்ஜ்ல போட்டுட்டு இதை அடிக்கிறேன். அம்மா மேல வந்ததும், "பையன்மா, கால் அப்படியே அத்தான் கால்"னேன். "அவ எப்படி இருக்கா?"ன்னாங்க. அதைக் கேக்கணும்னே எனக்குத் தோணல அத்தான். ரெண்டு தடவை கதவைத் தட்டிட்டோம். "கூப்பிடறோம், இருங்க"ன்னு மட்டும் சொல்றாங்க. ஒன்றரை மணி நேரம் ஆச்சு. சிவப்பு லைட் இன்னும் எரியுது. அணைக்க மறந்திருப்பாங்க. அம்மா அந்த லைட்டையே பாத்துட்டிருக்காங்க. நான் அந்தப் பக்கம் பாக்கல. ஒண்ணும் இருக்காது, நீங்க கப்பல் இன்ஜினைக் கவனிங்க.

தங்கள் திருமகனுக்குத் தாய்மாமனின் முத்தங்களும், தங்கள் கப்பலில் உள்ள பெரியவர்கள் அனைவருக்கும் என் வணக்கங்களும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மச்சான்

பி.கு.: அத்தான், மேல எழுதினது எதையும் நம்பாதீங்க. அது டிரைவர் அண்ணன் புள்ள. பெத்த அப்பனைத்தான் நான் ஃப்ரேமை விட்டுத் தள்ளச் சொல்லியிருக்கேன். நம்ம வீட்டுது மூணு மணிக்குத்தான் பொறந்தது. பொண்ணு. அக்கா நல்லா இருக்கா, கண் முழிச்சதும் "அவன் எடுத்துத் தொலைச்சானா?"ன்னுதான் கேட்டா. நான் எடுக்கல. சிவப்பு லைட் அணைஞ்சப்ப கதவுகிட்ட ஓடிட்டேன், போன் சார்ஜ்லயே கிடந்தது, நர்ஸ் நேரா என் கையில குடுத்துட்டாங்க. முதல் ஷாட்டே முகம். என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டா. ஆனா டிரைவர் அண்ணன் அவர் போன்ல எடுத்திருக்கார். "நீ எனக்கு எடுத்துக் குடுத்தே இல்ல தம்பி"ன்னார். வீடியோ பூரா அவர் கட்டைவிரல்தான். கடைசி ரெண்டு செகண்ட்ல விரல் மெதுவா விலகுது, உங்க பொண்ணு தெரியறா. இதோட இணைச்சிருக்கேன், ஒரு ஃப்ரேம் கூட வெட்டல. பதினோரு தடவை பாத்துட்டேன். விரலைத் தாண்டி ஓட்டிடாதீங்க அத்தான், முதல்லேர்ந்து பாருங்க.