வண்டிக்கு வைத்த பொட்டு

என் வாய் சும்மா இருந்திருந்தால் இந்தக் கதை நடந்தே இருக்காது. அறுபத்து மூன்று வயதில் ஒரு பொம்பளை கப்சாய் என்கிற சின்ன மோட்டார் சைக்கிளில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு தனியாகக் காட்டுக்குப் போனாள் என்றால், அவளுக்கு என்ன தைரியம் என்று நினைப்பீர்கள். தைரியமெல்லாம் இல்லை. வாய்க்கொழுப்பு.

அப்போது என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. சாஆ என்கிற சின்ன ஊரில் எங்கள் வீட்டில் நான் மட்டும். ஒரே மகன் ராஜன் கூலாயில் குடும்பத்தோடு இருக்கிறான், தொழிற்சாலை வேலை. வருஷத் திதி முடிந்த மறுநாளே பேச்சை எடுத்தான்.

"அம்மா, வீட்ட வாடகைக்கு விட்டுட்டு எங்ககூட வந்துருங்க. தனியா ஒரு ராத்திரிகூட உங்களால இருக்க முடியாது லா."

முன்னூறு ராத்திரிக்கு மேல் தனியாகத்தானே இருந்தேன் என்று அமைதியாகச் சொல்லியிருக்கலாம். சொன்னேனா?

"வீட்டுல என்னடா, காட்டுலயே இருப்பேன். உங்கப்பா வண்டிய எடுத்துக்கிட்டுப் போயி, பெக்கோக் தாண்டி ஆத்தங்கரையில கூடாரம் போட்டுத் தூங்கிட்டு வருவேன். பாக்குறியா?"

அவனும் என் பிள்ளைதானே. "சரி, பாப்போம்" என்றான். "மறுநாள் பன்னெண்டு மணிக்குள்ள அதே வண்டியில வீடு வந்து சேரணும். எனக்குப் போன் பண்ணக்கூடாது. வந்துட்டீங்கன்னா நான் இந்தப் பேச்ச எடுக்கவே மாட்டேன். இல்லன்னா மூட்டையக் கட்டிக்கிட்டுக் கூலாய்க்கு வரணும்."

அந்த வண்டியை நான் சந்தைக்கும் கோயிலுக்கும் ஓட்டுவேன். அதைத் தாண்டிப் போவதென்றால் அவர் ஓட்டுவார், நான் பின்னால் உட்கார்ந்து வழி சொல்வேன். (அவருக்குத் தெரிந்த வழியைத்தான்.) ஆற்றங்கரை முப்பது கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் நான் சாமான் கட்டியதைப் பார்த்தவர்கள் தாய்லாந்துக்குப் போகிறேன் என்றே நினைத்தார்கள். இரவுச் சந்தையில் வாங்கிய கூடாரம், பாய், தலையணை, அரிசி, சோறாக்குகிற மின்சாரச் சட்டி. (ஆற்றங்கரையில் அதை எங்கே சொருகுவது என்று எனக்கு அங்கே போன பிறகுதான் தோன்றியது.)

புறப்படுகிற அன்று காலையில் வண்டியைக் கழுவிப் பூசை போட்டேன். துக்க வருஷத்தில் வீட்டில் பூசையே இல்லை. வண்டியும் என்னைப் போலவே வெறும் நெற்றியோடு நின்றிருந்தது. எனக்கு இனி வேண்டாமென்று ஆகிவிட்ட குங்குமம் டப்பாவில் அப்படியே கிடந்தது. வண்டிக்காவது இருக்கட்டுமே என்று தாராளமாக வைத்தேன். முன் விளக்குக்கு, ஹாரனுக்கு, இரண்டு கண்ணாடிக்கும். கடைசியாகச் சீட்டைத் தூக்கிப் பெட்ரோல் டாங்கியின் மூடிக்கு. சாப்பாடு இறங்குகிற வாய் அல்லவா, அதை விடலாமா? முப்பது வருஷமாக ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் நான் மறக்காமல் வைக்கிற இடம் அது. மூடியின் நடுவில் சின்னதாக ஒரு குழி இருக்கும். பொட்டுக்கென்றே வண்டி செய்த ஜப்பான்காரன் இடம் விட்டிருக்கிறான் என்று அவரிடம் சொல்வேன். அரைத்த சந்தனத்தைக் கெட்டியாக அதில் அப்பி, மேலே குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பினேன்.

எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்கு நடுவே ஏழெட்டுக் கிலோமீட்டர் போயிருப்பேன். வண்டி இரண்டு தரம் இருமியது. பிறகு செத்துவிட்டது. உதைத்தேன், உதைத்தேன், ஒன்றும் இல்லை. குலை வெட்டிக்கொண்டிருந்த இந்தோனேசியக்காரர் ஒருவர் அரிவாளைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தார்.

"மின்யாக் ஹாபிஸ், மக்சிக்?" என்றார். பெட்ரோல் தீர்ந்துபோச்சா அம்மா என்று கேட்கிறார்.

"நேத்துதான் ரொப்பினேன்" என்று சைகை காட்டினேன். நம்பாமல் சீட்டைத் தூக்கி மூடியைத் திறந்தார்.

"உஸ்ஸ்ஸ்" என்று ஒரு சத்தம்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. என் வீட்டுக்காரருடைய பெருமூச்சு அது. துணிக்கடையில் நான் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வந்தால், வாசலில் வண்டிமேல் உட்கார்ந்தபடி அவர் இப்படித்தான் விடுவார். சத்தம் போட மாட்டார். உஸ்ஸ், அவ்வளவுதான்.

டாங்கி நிறைய பெட்ரோல் இருந்தது. அந்த ஆள் மூடியைப் போட்டு, ஏதோ ஒரு வயரை ஆட்டிவிட்டு உதைத்தார். வண்டி கிளம்பிவிட்டது. வயர்தான் கோளாறு என்று அவருக்குச் சந்தோஷம். எனக்கு வயரில் நம்பிக்கை இல்லை. பெருமூச்சில்தான் நம்பிக்கை. மூடியைப் பார்த்தால் அந்த ஆள் விரல் பட்டுப் பொட்டு கலைந்திருந்தது. பயணத்தில் பொட்டு கலையலாமா? சந்தன டப்பாவை எடுத்து, முன்னைவிடக் கெட்டியாக வைத்துவிட்டுப் புறப்பட்டேன்.

பெக்கோக்கில் மறுபடியும் நின்றது. நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு விற்கிற மலாய்ப் பெரியவர் ஒருவர் பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்தார், உஸ்ஸ். அப்புறம் பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போட்டார். ஓடியது. பிளக் என்று அவர் சத்தியம் செய்தார். நான் பொட்டை மறுபடி வைத்தேன்.

மூன்றாவது தடவை நின்ற இடத்தில் மனுஷரே இல்லை. குரங்குதான் இருந்தது. நானே மூடியைத் திறந்தேன். உஸ்ஸ்.

"என்னங்க கோவம்? நான்தான ஓட்டுறேன். நீங்க சும்மா பின்னால உக்காந்துகிட்டு வாங்களேன்" என்றேன். உதைத்தேன். கிளம்பிவிட்டது. இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? பொட்டு இன்னொரு சுற்று.

கூடாரம் போட்ட லட்சணத்தை நான் சொல்லப் போவதில்லை. உள்பக்கத்தை வெளியே வைத்து, மூங்கில் மாதிரி வளைகிற குச்சியோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினேன் என்று மட்டும் தெரிந்தால் போதும். சோற்றுச் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து பிஸ்கட் தின்றேன். வண்டியைக் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே, தலைமாட்டில் நிறுத்திக்கொண்டேன். ஆற்றுச் சத்தத்தில் நன்றாகத் தூங்கினேன். அந்த ஒரு வருஷத்தில் அப்படித் தூங்கியதில்லை. விழித்ததும் காப்பிக்கு எத்தனை குவளை என்று ஒரு விநாடி நினைத்தேன். ஒன்றுதான்.

மறுநாள் ஒன்பது மணிக்குக் கிளம்பினேன். நேரம் தாராளம் என்ற தெனாவட்டு. ஆனால் வைத்த பொட்டின்மேல் பொட்டாகச் சந்தனம் சிமெண்டு மாதிரி ஏறியிருந்தது. ஆறு கிலோமீட்டருக்கு ஒரு தரம் நின்ற வண்டி நாலுக்கு நின்றது. நாலு இரண்டாகியது. ஒவ்வொரு தடவையும் இறங்கி, சாமானை அவிழ்த்து, சீட்டைத் தூக்கி, மூடியைத் திறந்து, அவரைச் சமாதானப்படுத்தி, பொட்டை வைத்து, சாமானைக் கட்டி, இருபது உதை உதைக்க வேண்டும். ஊருக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது முழங்கால் வீங்கிவிட்டது. உதைக்கக் காலைத் தூக்கினால் கண்ணில் தண்ணீர் வருகிறது. மணி பதினொன்று நாற்பது.

கைப்பேசியை எடுத்தேன். ராஜன் பெயர்மேல் கட்டைவிரல். ஒரு அழுத்து அழுத்தினால் போதும், ஓடி வந்துவிடுவான். அதோடு என் வீடு போய்விடும். அவர் செருப்பு இன்னும் வாசலில் இருக்கிற வீடு. கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு வண்டியைத் தள்ள ஆரம்பித்தேன்.

சந்தை கலைகிற நேரம். ஊரே பார்த்தது. கீரை விற்கிற பார்வதி கடையை விட்டு எழுந்தே வந்துவிட்டாள்.

"என்னாக்கா, வண்டிய நடக்கக் கூட்டிக்கிட்டுப் போறீங்களா? சுகர் இருக்கா அதுக்கு?"

"ஆமா, உனக்கு இருக்குறதுல பாதி இருக்காம்" என்றேன். அந்த மூச்சு வாங்கலிலும் வாய் நின்றதா பாருங்கள்.

ஆ செங் பட்டறை ஊரின் மறுமுனையில் இருக்கிறது. எங்கள் வண்டியை அவர்தான் முப்பது வருஷமாகப் பார்க்கிறார். தோட்டத்து ஆட்களோடு பழகிய சீனர், தமிழும் ஒரு மாதிரி பேசுவார். மூடியைத் திறந்தார், உஸ்ஸ். மூடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி மூடியைப் பார்த்தார்.

"அலமாக், அம்மா! இது யார் வச்சது?"

"நான்தான். சாப்பாடு போற வாயாச்சேன்னு..."

"வாய் இல்ல லா! இது மூக்கு! இந்த ஓட்டையில காத்து உள்ள போனாதான் பெட்ரோல் கீழ எறங்கும். மூக்கு அடைச்சா நீ ஓடுவியா?"

குண்டூசியை எடுத்து அந்தக் குழியைக் குடைந்தார். சந்தனம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அத்தனை தடவை வந்தது என் வீட்டுக்காரருடைய பெருமூச்சு இல்லை, மூடியைத் திறந்ததும் உள்ளே புகுந்த வெறும் காற்று. அதைக் கேட்டபோது ஏன் அவ்வளவு வருத்தமாக இருந்தது என்று தெரியவில்லை. "ஆ செங், என் மவன்கிட்ட சொல்லிடாதே" என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன். அவரே உதைத்துக் கிளப்பிக் கொடுத்தார்.

நான் வருகிறேனா என்று பார்க்கக் கூலாயிலிருந்து வந்திருந்த ராஜன், வீட்டு வாசலில் காரில் சாய்ந்து நின்றான். "அம்மா, பன்னெண்டு இருபத்தஞ்சு" என்றான். ஜெயித்த முகம் இல்லை. பயந்த முகம். "வண்டிக்கு என்ன ஆச்சு?"

பெட்ரோல் சரியில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் நல்ல கதை ஒன்று கையில் கிடைத்தால் அதை அமுக்கி வைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. முழுசாகச் சொல்லிவிட்டேன்.

சிரித்தான். படியில் உட்கார்ந்து சிரித்தான். அவன் அப்பா போன பிறகு அவன் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவன் மெல்ல நிறுத்தினான்.

"அம்மா, ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் நீங்க உள்ள போனதும் அப்பா சீட்டத் தூக்கி, அந்தப் பொட்ட விரலால வழிச்செடுத்துருவாரு. சட்டையில தொடச்சா நீங்க கத்துவீங்கன்னு நெத்தியில பூசிக்குவாரு."

"ஏன்டா, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"நானும் கேட்டேன். 'ஆசையா வக்கிறா, வச்சிட்டுப் போவட்டும்டா'ன்னாரு."

கோயில் வாசலை மிதிக்காத மனுஷன். ஆயுத பூசையன்று மட்டும் நெற்றியில் சந்தனத்தோடு சாப்பிட உட்காருவார். அந்த ஒரு நாளாவது பக்தி வருகிறதே என்று நான் ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன்.

நானும் படியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு நான் எழுந்தேன்.

"சரி, தோத்தது தோத்ததுதான். எத்தன நிமிஷம் லேட்டு?"

"இருபத்தஞ்சு."

"அப்ப வருஷத்துக்கு இருபத்தஞ்சு நாள் கூலாய்க்கு வரேன். நிமிஷத்துக்கு ஒரு நாள். மிச்ச நாள் என் வீடு."

"இது என்னம்மா, பசார்ல மீன் வாங்குற மாதிரி?"

"போன் பண்ணேனா? இல்ல. வண்டியில வந்தேனா? வந்தேன். லேட்டுக்கு மட்டுந்தான அபராதம்?"

அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "சரி" என்றான். மீன்காரனும் என்னிடம் அப்படித்தான் செய்வான்.

இப்போது வருஷா வருஷம் போகிறேன். பேரப்பிள்ளைகள் அதற்கு 'பாட்டி லேட்டு' என்று பேர் வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டில் விசிறி நின்றாலும், டிவி நின்றாலும், "பாட்டி, இதுல எங்க பொட்டு வச்சீங்க?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். மருமகளும் சேர்ந்துகொள்வாள்.

போன வருஷம் முப்பத்தொரு நாள் இருந்துவிட்டேன். ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள், எண்ணிக்கை தவறிவிட்டது என்று விட்டிருப்பார்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.