கம்பவுண்டரிடம் சம்மதம் கேட்டது

பல்லடம்,
17-11-1996.

அன்பு மகள் மதிவதனிக்கு,

அப்பா மாசாணம் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மா மயிலாத்தாளும் சௌக்கியம். கறி, முட்டை எல்லாவற்றையும் விட்டுவிட்டாய் என்று எழுதியிருந்தாலும், கால்நடை மருத்துவக் கல்லூரி விடுதியில் நீயும் சௌக்கியமாகத்தான் இருப்பாய் என்று நம்புகிறேன். ஊரில் மழை உண்டு. சம்பிரதாயம் முடிந்தது, இனி விஷயத்துக்கு வருகிறேன். கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதே. முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவன் நான், ஸ்டாப் வராமல் யாரையும் இறக்கிவிட்டதில்லை.

உன் கடிதம் வந்தது. நம் கிடாய் கம்பவுண்டரைக் கோயிலில் வெட்டினால் பொங்கலுக்கு மட்டுமில்லை, இனி எதற்குமே வீட்டுப் படி ஏற மாட்டேன் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்து உன் அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். "அதனிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?" என்றும் எழுதியிருந்தாய் பார், அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. கேட்காமல் வெட்டுகிற வழக்கம் நம் பங்காளிகளிடம் ஏழு தலைமுறையாக இல்லை. மஞ்சள் தண்ணீரை முதுகில் ஊற்றுவோம். கிடாய் உடம்பைச் சிலுப்பினால் அதற்குச் சம்மதம், கருப்பராயனுக்கும் சம்மதம். சிலுப்பாமல் அரிவாளைத் தொடவே கூடாது. இவ்வளவு மரியாதை உன் பாடப் புத்தகத்தில் உண்டா?

வேண்டுதலும் உன்னால் வந்ததுதான். ஆடு மாடுகளைக் காப்பாற்றுகிற படிப்பில் உனக்கு இடம் கிடைத்தால் ஒரு ஆட்டை வெட்டுகிறேன் என்று உன் அம்மா வேண்டிக்கொண்டாள். இதில் என்ன தப்பு என்று அவளுக்கு இன்றுவரை தெரியவில்லை. எனக்குக் கொஞ்சம் தெரிகிறது, ஆனால் வீட்டில் சொல்ல முடியாது. குட்டியை நேர்ந்துவிட்டது எதற்கென்று உன்னிடம் சொல்லாதது எங்கள் தப்பு. ஆனால் நீ என்ன செய்தாய்? மற்ற ஆடுகளுக்கு மருந்து புகட்டும்போது பின்னாலேயே வருகிறது என்று அதற்குக் கம்பவுண்டர் என்று பேர் வைத்தாய். ஞாயிறுதோறும் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினாய், துண்டால் துவட்டியும் விட்டாய். வினை அங்கேதான் ஆரம்பம்.

போன புதன்கிழமை காலை ஏழு மணிக்குக் கருப்பராயன் கோயிலில் நூற்றைம்பது பேர் கூடிவிட்டோம். உன் மாமன் அன்புமணி மசாலா அரைத்து, உலையும் வைத்துவிட்டான். பூசாரி மருதாசலம் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினார். கம்பவுண்டர் கண்ணை மூடிக்கொண்டு சுகமாக நின்றது. இரண்டாவது சொம்பு ஊற்றியதும் மறுபக்கத்தைத் திருப்பிக் காட்டியது. ஒரு குடம் ஊற்றிய பிறகு, சோப்பு எங்கே என்பதுபோல எல்லோரையும் பார்த்தது. உன் மாமனுக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க பூசாரி, காதுல ஊத்தலாமுங்களா?"

"ஊத்துங்க. அதுவும் கேக்கறதுதானுங்க."

காதில் ஊற்றினார்கள், காதில் ஊதினார்கள், வேப்பிலையால் வயிற்றைத் தடவினார்கள். உன் அத்தை செல்லாத்தாள் தலையில் கை வைத்துக்கொண்டு, "அம்மணி குளிப்பாட்டிக் குளிப்பாட்டிக் கெடாயவே கெடுத்துபோட்டாளுங்க!" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். அந்த நேரம் பார்த்துக் கம்பவுண்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்து, என் தோளில் கிடந்த துண்டை எட்டி இழுத்தது. துவட்டிவிடச் சொல்கிறது என்று எனக்கு மட்டும் தெரியும். நான் துண்டைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். எனக்கே வெட்கமாகத்தான் இருந்தது.

பத்து மணி ஆகிவிட்டது. குழந்தைகள் பசியில் அழுகின்றன, உலை கொதித்துப் பாதியாகிவிட்டது. வேடிக்கை பார்க்க வந்திருந்த ஆட்டு வியாபாரி ஜபருல்லா பாய் மெதுவாக வாயைத் திறந்தார்.

"ஏனுங்க பூசாரி, சிலுப்புனா சம்மதம், சரிங்க. வேண்டாமுன்னு சொல்லோணுமுன்னா அது என்ன பண்ணோணுமுங்க?"

பூசாரி யோசித்தார். "அதுக்கு மொறை கெடையாதுங்க. சிலுப்பற வரைக்கும் கேப்பமுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் அம்மா முறைத்தாள்.

கடைசியில் பாயே தன் பட்டியிலிருந்து வேறொரு கிடாயை மொபெட்டில் வைத்துக் கொண்டுவந்தார். ஐப்பசிக் குளிர், கிணற்றுத் தண்ணீர். மேலே பட்டதுதான் தாமதம், படபடவென்று சிலுப்பிவிட்டது. மரியாதை தெரிந்த கிடாய் என்று எல்லோரும் பாராட்டினார்கள். பாராட்டு முடிவதற்குள் அது குழம்பாகிவிட்டது. அதற்குப் பேர் இல்லை. அதனிடம் ஒரே தடவைதான் கேட்டார்கள். உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும், நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். உன் கடிதத்திலும் அப்படிப் பேரில்லாத கிடாய்களைப் பற்றி ஒரு வரி இல்லை என்பதைக் கவனித்துக்கொள்.

ஆனால் கம்பவுண்டர் வழக்கு முடியவில்லை. "நேர்ந்தது நேர்ந்ததுதானுங்க. என்னிக்குச் சிலுப்புதோ அன்னிக்கே கூட்டிட்டு வந்துபோடுங்க" என்று பூசாரி சொல்லிவிட்டார். பார்த்துச் சொல்லும் பொறுப்பு, வேலை வெட்டி இல்லாத என் தலையில் விழுந்தது. கண்டக்டர் பொய் சொல்ல மாட்டார் என்று ஊரே கையெடுத்துக் கும்பிட்டது. நானும் கருப்பராயன் முன்னால் சூடத்தைத் தொட்டு வாக்குக் கொடுத்திருக்கிறேன். இன்றுவரை அது சிலுப்பவில்லை. சிலுப்பினால் மறைக்க மாட்டேன். சாமி காரியத்தில் பெற்ற மகளுக்காகக்கூட வளைந்து கொடுக்க முடியாது. ஆகவே நாங்கள் கேட்டுத்தான் செய்கிறோம் என்று உன் தோழிகளிடமும் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள். தலைக்கு எண்ணெய் வைக்கச் சொன்னாள் அம்மா. நீ நல்ல டாக்டராக வரக் கருப்பராயன் துணையிருப்பார், மேற்படி விவகாரத்தை அவர் மனதில் வைத்துக்கொள்ளாவிட்டால்.

இப்படிக்கு, உன் நலம் விரும்பும்
அப்பா மாசாணம்.

பி.கு.: இதைப் படித்ததும் கிழித்துப் போடு. வியாழக்கிழமை மழையில் கம்பவுண்டர் மூக்கிலிருந்து வால் வரை ஒரு சிலுப்புச் சிலுப்பியது, என் வேட்டியெல்லாம் தண்ணீர். வெள்ளிக்கிழமை இரண்டு தடவை. பார்த்தது நான் மட்டும்தான். இப்போதெல்லாம் தூறல் விழுந்தாலே துண்டோடு ஓடிப்போய் அது சிலுப்புவதற்குள் துவட்டிவிடுகிறேன். துண்டில் ஏன் ஆட்டு வாடை என்று உன் அம்மா கேட்க ஆரம்பித்துவிட்டாள். மழை இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. நனைந்தாலும் ஆடு சிலுப்பாமலிருக்க உங்கள் கல்லூரியில் ஊசி மருந்து ஏதாவது உண்டா? இருந்தால் பொங்கல் வரைக்கும் காத்திருக்காதே கண்ணு, அடுத்த பஸ்ஸிலேயே எடுத்துக்கொண்டு வா.