ஒரே கார்டில் முழுக் கல்யாணம்

"நலங்கு வரைக்கும் தொறக்குதுங்க. அதுக்கப்புறம் ஒண்ணுமே தொறக்கல" என்றாள் ரம்யா.

குரலை அவள் உயர்த்தவே இல்லை. சுபாஷைப் பயமுறுத்தியது அதுதான். ரம்யா கத்தினால் விஷயம் சின்னது என்று அர்த்தம்.

தியாகதுருகம் கல்யாண மண்டபத்தில், மேடைக்குப் பின்னால், மைக்செட்டுப் பெட்டிகளுக்கு நடுவில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தாலி கட்டி முடிந்து முதல் பந்தி ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னொரு வாட்டி போட்டுப் பாரு."

"பாத்துட்டேன். பேரு இருக்குது, சைஸ் இருக்குது, உள்ள படம் இல்ல. தாலி கட்டுனது சுத்தமா இல்ல."

எல்லாம் அந்த மெமரி கார்டு செய்த வேலை. போன வாரம் கள்ளக்குறிச்சியில் தங்கள் வீடியோ கடையில் உட்கார்ந்து புருஷனும் பெண்டாட்டியும் இதற்காகவே ஒரு முழு சாயங்காலம் சண்டை போட்டிருந்தார்கள். கையில் இருக்கிற நாலு சின்ன கார்டை மாற்றி மாற்றிப் போடலாம், ஒன்று போனாலும் மூன்று மிஞ்சும் என்பது ரம்யாவின் கட்சி. மாற்றுகிற நேரத்தில் முகூர்த்தம் போய்விடும், ஒரே பெரிய கார்டாகப் போட்டால் மாப்பிள்ளை அழைப்பிலிருந்து மறுவீடு வரைக்கும் கையே வைக்க வேண்டாம் என்பது சுபாஷின் கட்சி. ஆன்லைனில் பாதி விலைக்குக் கிடைத்தது. பாதி விலைக்கு ஏன் கொடுக்கிறான் என்று ரம்யா கேட்டாள். நல்ல மனசு என்றான் சுபாஷ்.

இன்னொரு கொடுமையும் உண்டு. மாப்பிள்ளை தாலி கட்டிய நேரத்தில் சுபாஷ் தாலியைப் பார்க்கவில்லை. கேமரா திரையின் மூலையில் 'இன்னும் ஏழு மணி நேரம் எடுக்கலாம்' என்று காட்டிக்கொண்டிருந்ததைத்தான் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

செல்போன் கடை தஸ்தகீர் பாய்க்குப் போன் போட்டான். இப்படி அழிந்ததையெல்லாம் மீட்டுத் தருகிறவர் அவர்தான்.

"பாய், கார்டுல இருந்து படம் போச்சு. எடுத்துத் தர முடியுமா?"

பாய் விவரம் கேட்டார். விலையைக் கேட்டதும் சிரித்தார்.

"தம்பி, அது டூப்ளிகேட்டு. வெளிய எழுதியிருக்கிறது ஜாஸ்தி, உள்ள எடம் கம்மி. ரொம்பினதுக்கு அப்புறம் எடுத்தது எதுலயும் ஏறல. ஏறாதத நான் எங்கேந்து எடுக்கிறது?"

சுபாஷ் போனை வைத்தான். சங்கராபுரத்தில் தாலி கட்டுவதைத் தவறவிட்ட வீடியோக்காரர் ஒருவர் இப்போது கோழிக்கடை வைத்திருக்கிறார். கடை திறந்து ஆறு மாதம்கூட ஆகாத சுபாஷுக்குக் கோழி என்றாலே அலர்ஜி.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அப்பா கண்ணாயிரம் வந்து நின்றார். களமருதூரில் பெரிய பண்ணைக்காரர், வாய் அதைவிடப் பெரியது. அவர் ஒருவரை நல்லவர் என்றால் உளுந்தூர்பேட்டை வரைக்கும் அவர் நல்லவர். கெட்டவர் என்றாலும் அப்படியே. வீடியோ வேலையைக் கொடுத்தவரும் அவர்தான்.

"தம்பி, முகூர்த்தம் எப்டி வந்திருக்குது?"

"பிரமாதங்க ஐயா."

"தாலி கட்டறது?"

"அத மட்டும் கிட்டக்கப் போயி எடுத்தேங்க."

கண்ணாயிரம் துண்டால் முகத்தைத் துடைத்தார். "பொண்ணு கழுத்து தெரியுதா?"

"கழுத்துல இருக்கிற மச்சம்கூடத் தெரியுதுங்க. முடிச்சு மூணும் எண்ணிக்கலாம்."

மனுஷனின் முகம் வெளுத்துவிட்டது. பையன் கல்யாணமாயிற்றே, உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று சுபாஷ் நினைத்தான். ஆனாலும் அவர் நகரவில்லை.

"அது எங்க இருக்குது? அந்த கார்டுலயா?"

"கார்டுல, லேப்டாப்புல, இன்டர்நெட்டுலயும் ஏத்தியாச்சுங்க. மண்டபமே எரிஞ்சி போனாலும் அந்தப் படம் போகாது."

கண்ணாயிரம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். ரம்யா புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்டர்நெட்டுலயா?"

"ஒரு தைரியத்துக்குச் சொன்னேன்."

"யாருக்குத் தைரியம்?"

சுபாஷ் கூட்டத்துக்குள் புகுந்து, யாராவது போனில் தாலி கட்டியதை எடுத்திருக்கிறார்களா என்று நைசாக விசாரித்தான். எல்லோரும் எடுத்திருந்தார்கள். எல்லாவற்றிலும் கண்ணாயிரத்தின் முதுகுதான் இருந்தது. தாலி கட்டுகிற நேரம் பார்த்து அவரும் அவர் வீட்டுப் பெண்களும் மேடையைச் சுற்றி வேலி கட்டினாற்போல நின்றிருக்கிறார்கள். சுபாஷின் கேமரா ஒன்றுதான் வேலிக்கு உள்ளே இருந்தது. பாவி மனுஷன், கொஞ்சம் தள்ளி நின்றிருந்தால் என் பிழைப்பு தப்பித்திருக்குமே என்று சுபாஷ் மனசுக்குள் திட்டித் தீர்த்தான்.

திரும்பி வந்தால், மேடைக்குப் பின்னால் கண்ணாயிரம் ரசவாளியோடு நின்றுகொண்டிருந்தார். பந்தி நடப்பதோ கீழே. மாப்பிள்ளையின் அப்பா பரிமாறுவதே அதிசயம், அதிலும் ஆளில்லாத இடத்தில்.

"சம்மந்தி வூட்டுக்காரங்கள நானே கவனிக்கலாமேன்னு" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் கால் தடுக்கினார். வாளி ரசமும் கேமரா பையில் கொட்டியது. ரம்யா லேப்டாப்பையும் கேமராவையும் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். கார்டு பைக்குள்ளேதான் இருந்தது.

சுபாஷுக்குக் கண்ணில் நீர் வந்தது. அத்தனையும் ஆனந்தம். தான் வாங்க வேண்டிய பழியை இனி ரசம் வாங்கிக்கொள்ளும்.

"போச்சுங்க ஐயா. கார்டு போச்சு."

"போச்சா? மொத்தமாவா?" கண்ணாயிரம் ஒரு அடி முன்னால் வந்தார். பிறகு என்னவோ நினைவுக்கு வந்து தோள் தொங்கிப்போனது. "லேப்டாப்புலயும் இன்டர்நெட்டுலயும் இருக்குதுன்னு சொன்னியே."

"ஆமாங்க. இருக்குதுங்க" என்றான் சுபாஷ். வேறு என்ன சொல்வான். அவன் வெட்டிய குழியில் அவனே விழுந்து கிடந்தான்.

"அப்போ நல்லதாப் போச்சு" என்றார் கண்ணாயிரம், அழுகிறவர் மாதிரி.

அதற்குள் படியேறி வந்தார் பெண்ணின் அப்பா தீனதயாளன். எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புகிற மனிதர்.

"சம்மந்தி, நானே தேடிக்கினு வந்தேன். தாலி கட்டறப்ப உங்க ஆளுங்க மறைச்சிக்கினு நின்னுட்டாங்க, பெத்தவன் நானே பாக்கல. எம்பொண்டாட்டி அழுவறா. தம்பி, அந்த எடத்த மட்டும் போட்டுக் காட்டு."

நாற்காலியை இழுத்து லேப்டாப் முன்னால் போட்டு உட்கார்ந்தேவிட்டார். சுபாஷ் ரம்யாவைப் பார்த்தான். ரம்யா தரையைப் பார்த்தாள். கண்ணாயிரம் காலி வாளியைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"போடுப்பா. இன்னா யோசன?"

கோழிக்கடை சுபாஷின் கண்முன்னே வந்து நின்றது. வாய் தானாகப் பேசியது.

"காட்டறேங்க. அதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேல பாக்கி. இப்பல்லாம் தாலி கட்டறத ரெண்டாவது வாட்டி, சினிமா மாதிரி தனியா எடுக்கறாங்க. ரெண்டையும் சேத்துப் பாத்தாதான் அழகு."

"தாலிய ரெண்டு வாட்டி கட்டுவாங்களா? இன்னா பேச்சு இது?" என்று தீனதயாளன் எழுந்தார்.

அவ்வளவுதான், முடிந்தது என்று சுபாஷ் கண்ணை மூடினான்.

"கட்டுனா இன்னா சம்மந்தி?" என்றது கண்ணாயிரத்தின் குரல். "நீங்களும் அம்மாவும் முன்னாடி நின்னு கண்குளிரப் பாக்கணும். நான் இருக்கறேன். டேய், யாராவது சின்னராசு வந்துட்டானா பாருங்கடா."

அவருடைய மைத்துனன் சின்னராசு அப்போதுதான் மண்டபத்துக்குள் நுழைந்தான். முகூர்த்தம் முடிந்த கையோடு பைக்கை எடுத்துக்கொண்டு எங்கேயோ பறந்தவன், தலை முழுக்கப் புழுதியோடு ஒரு மஞ்சள்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். கண்ணாயிரம் அவனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது பத்து வயது குறைந்திருந்தார்.

அவரே தேங்காய்த் தட்டை ஏந்தினார். அவரே மேளக்காரரைச் சோற்றுக் கையோடு எழுப்பினார். தீனதயாளனையும் அவர் மனைவியையும் முன்னால் நிறுத்தி, குறுக்கே வந்த தன் தங்கையையே பிடித்து இழுத்தார். ரம்யா தன் கைப்பையிலிருந்து பழைய சின்ன கார்டு ஒன்றை எடுத்துக் கேமராவில் செருகிவிட்டு, இன்னொன்றைக் கையில் தயாராக வைத்துக்கொண்டாள். இந்தத் தடவை சுபாஷ் திரையின் மூலையைப் பார்க்கவே இல்லை. தாலி படத்தில் பளபளவென்று விழுந்தது, பெண்ணின் அம்மா வாய்விட்டு அழுதாள், ரம்யா உடனே போட்டுப் பார்த்துத் தலையாட்டினாள்.

தீனதயாளன் அதை லேப்டாப்பில் இரண்டு முறை பார்த்தார். "இது போதும்பா, பழசு வேணாம்" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு இறங்கிப் போனார்.

கண்ணாயிரம் சுபாஷின் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, அந்தக் காலைல எடுத்தத அழிச்சிடறியா? எல்லா எடத்துலயும்?"

"அழிச்சிட்டேங்க ஐயா."

"இன்டர்நெட்டுல?"

"அங்க சுத்தமா இல்லீங்க."

"நீ நல்லா இருப்ப. எங்கூரு தேர்த் திருவிழா உனக்குத்தான்" என்று அவனைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனார். சுபாஷுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பொய் சொன்னவனுக்கு இவ்வளவு மரியாதையா என்று யோசித்தபடி ரசத்தில் ஊறிய பையைத் துடைக்க ஆரம்பித்தான்.

மணப்பெண் இலக்கியா மெல்ல அவன் பக்கத்தில் வந்தாள். காலையிலிருந்து மாமியார் கழற்றவே விடாத மாலையை இப்போதுதான் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் காதோரம் கேட்டாள்.

"அண்ணே, காலைல கட்டுனது வெறும் மஞ்சக் கெழங்குன்னு எங்கப்பாவுக்குத் தெரியாதில்ல? மாமா தாலிய களமருதூர் வூட்டுலயே மறந்து வெச்சிட்டு வந்துட்டாரு."