புஷ்பவல்லியை எப்போது எடுக்கிறார்கள்?

ரெட்டிபாளையம்,
புதன்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் கலைச்செல்வன் அவர்களுக்கு,

பாலசுந்தரம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் தங்கை பாக்யலட்சுமி, வாசல்வரை வரும் சிமெண்டுத் தூசி எல்லோரும் நலம். வேப்பந்தட்டையில் தாங்களும் அவ்வண்ணமே இருக்கவேண்டும். போன் போட்டால் பேச்சுவாக்கில் கதை முடிவைச் சொல்லிவிடுவீர்கள் என்ற பயத்தில்தான் கடிதம்.

தாங்கள் படிக்கக் கொடுத்த, பரிசு வாங்கிய நாவலில் பாதி வந்துவிட்டேன். அடடா, என்ன எழுத்து! தீர்ந்துவிடுமே என்று ஒரு பக்கம் படித்தால் அரைப் பக்கம் திரும்பிப் போகிறேன். அதில் புஷ்பவல்லி காய்ச்சலில் கிடக்கிறாள். பிழைப்பாளா என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. நேற்று வாய்விட்டே அழுதுவிட்டேன். பக்கத்து வீட்டு அனுசுயா ஓடிவந்து, "என்னாச்சுண்ணே?" என்றது. "புஷ்பவல்லி இழுத்துக்கிட்டு கெடக்கும்மா" என்றேன். "அய்யய்யோ, முடிஞ்சிருச்சா?" என்றது. "பாதிதான் முடிஞ்சிருக்கு. அவசரப்படாம மெதுவா முடிக்கணும், அதுலதான் சுகமே" என்றேன். அது ரெண்டடி பின்னால் போய், "எப்ப எடுக்குறாங்க?" என்றது. புத்தகத்தைத்தான் கேட்கிறது என்று நினைத்து, "வெள்ளிக்கிழமை மச்சான் வந்து எடுத்துட்டுப் போயிருவாரு" என்றேன்.

அவ்வளவுதான் மச்சான். சாயங்காலத்துக்குள்ள வாசல்ல பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, வெள்ளிக்கிழமை வரைக்கும் தாங்கணும்னு ஐஸ் பெட்டி வேற! ஆண்டிமடத்துலேர்ந்து உங்க சின்னம்மா பெரியம்மாள் ஒரு வேன் சனத்தோட மாரடிச்சுக்கிட்டே இறங்குறாங்க. உங்க தங்கச்சியோ, "யாருய்யா அந்தப் புஷ்பவல்லி?"ன்னு கரண்டியோட நிக்கிறா. புத்தகத்தைத் தூக்கிக் காட்டினேன். "வேன் வச்சு வந்துட்டு சும்மாவா போறது? படிங்க மாப்ள, கேப்போம்"னு பெரியம்மாள் உக்காந்துட்டாங்க. படிச்சேன். பந்தலே அழுவுது. அவ பொழைக்கணும்னு தெருவே வேண்டிக்கிட்டு கெடக்கு.

ஆகவே, தயவுசெய்து வெள்ளிக்கிழமை வரவேண்டாம். முடிவைப் பற்றி மூச்சும் விடவேண்டாம். அவள் சாவதும் பிழைப்பதும் நான் பக்கம் புரட்டித்தான் எனக்குத் தெரியவேண்டும். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நல்லா இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மாப்பிள்ளை
பாலசுந்தரம்

பி.கு.: உறையை ஒட்டும்போதே, சேதி கேட்டு நீங்கள் அனுப்பிய ரோஜா மாலை வந்தது. ரிப்பனில் "புஷ்பவல்லிக்குக் கண்ணீர் அஞ்சலி", கீழே உங்கள் பெயர். முழுக்கப் படித்த மனுஷன் மாலை அனுப்பலாமா? முடிவு தெரிஞ்சுபோச்சே, பாவி மச்சான்! பெரியம்மாள் மறுபடி ஒப்பாரி ஆரம்பிச்சுட்டாங்க. நான் தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டேன். மாலையைப் புத்தகத்துக்குப் போட்டு ஐஸ் பெட்டியில வச்சிருக்கோம். வெள்ளிக்கிழமை வந்து எடுத்துடுங்க.