ரத்தான டிரிப்பில் போய்வரும் கயாக்

அன்புள்ள மச்சினருக்கு,

அத்தான் ஆசியுடன் எழுதுவது. இங்கே என் இடது முழங்காலைத் தவிர யாவரும் நலம். அங்கே தங்கள் வீட்டில் முழங்கால் உட்பட யாவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நிற்க. நான் பணி ஓய்வு பெற்ற அன்று தாங்கள் ஆசையாக வாங்கித் தந்த இருவர் அமரும் பழைய கயாக் படகை, வரும் சனிக்கிழமை வேன் கொண்டுவந்து திரும்ப எடுத்துச் செல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். தவறினால் ஞாயிறு காலை அதை இரண்டாக அறுத்துவிடுவேன். ரம்பம் வாங்கியாகிவிட்டது.

காரணம் சொல்கிறேன். பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பராக இருந்தவன் நான். கடலுக்கும் அதே ஒழுங்குதான் வைத்தேன். கடல் ஏறி இறங்கும் நேர அட்டவணையைப் பார்த்து, முகத்துவாரத்தில் தண்ணீர் ஏறாமலும் இறங்காமலும் நிற்கிற அந்த இருபது நிமிஷத்தைக் கண்டுபிடித்து, புறப்பாடு, திரும்பும் நேரம், நீரோட்டத்தின் திசை எல்லாம் டிரிப் ஷீட்டில் எழுதுவேன். பிறகு வானிலை அறிக்கை கேட்பேன். ஒரு நாள் காற்று அதிகம். ஒரு நாள் காற்று ஒரு பக்கம், நீரோட்டம் எதிர்ப்பக்கம். இரண்டும் மோதினால் அலை எழும்பும். ஒரு நாள் எல்லாமே சரியாக இருந்தது, அதுவே எனக்குச் சந்தேகமாகிவிட்டது. ஆக, நாற்பத்து மூன்று ஷீட்டிலும், டிப்போவிலிருந்து நினைவாகக் கொண்டுவந்த ‘ரத்து’ முத்திரையைக் குத்திவிட்டேன். உன் அக்காவுக்கு மட்டும் கார் ஷெட்டிலேயே கயாக்கில் உட்கார வைத்துப் பாடம் எடுத்தேன். தனியாளாகப் போனால் பின்சீட்டில்தான் உட்கார வேண்டும். அப்போது முன்சீட்டில் கனமில்லாமல் படகின் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும், காற்று அதைப் பிடித்துத் திருப்பிவிடும், அதனால் தனியாகப் போகவே கூடாது என்றேன். “தரையில ஓட்டறதுக்கு இவ்வளவு பாடமா?”ன்னு கேட்டா.

படகு தண்ணியையே தொடலைன்னு நான்தான் நினைச்சிட்டிருந்தேன் மாப்ளே. ரெண்டு மாசம் முன்னாடி ஒரு நாள் எட்டு மணிக்கு எழுந்து ஷெட்டைத் திறந்தா, கயாக் சொட்டச் சொட்ட நனைஞ்சு கிடக்கு. முந்தின நாள் மழையே இல்ல. விரலால தொட்டு நாக்குல வச்சேன், உப்பு! அதுலேர்ந்து குறிச்சு வச்சேன். மொத்தம் பதினொரு நாள். என் ஷீட்டுகளை எடுத்து ஒத்துப் பார்த்தேன். நான் விடியக்காலைக்குப் போட்டு ரத்து பண்ணின டிரிப் எதுவோ அதுல எல்லாம் இது போய் வந்திருக்கு! நிஜமாவே பேய்க்காத்து அடிச்ச ரெண்டு நாள் மட்டும் போகல. அதுக்கும் புத்தி இருக்கு பார். முப்பத்தொரு வருஷத்துல எந்த டிரைவரும் என் ஷீட்டை இவ்வளவு ஒழுங்கா மதிச்சதில்ல.

இன்னொண்ணு கேளு. ரெண்டு சீட்டும் ஈரம், ரெண்டு துடுப்பும் ஈரம். உனக்கு இதை வித்தவர்கிட்ட ஏன் விக்கிறீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டியா நீ? நேத்து நான் போன் போட்டுக் கேட்டேன். “என் வீட்டம்மா இப்ப வர்றதில்லீங்க”ன்னார். ஏன்னு கேட்டேன். “அவளுக்கு முன்சீட்டுதான் பிடிக்கும்”னு சொல்லிட்டு வச்சுட்டார்.

எனக்குப் பயமா இருக்குடா. உன் அக்கா விடியக்காலைல தனியா வாக்கிங் போறவ. அது என்னிக்காவது அவளைக் கூப்பிட்டு ஏத்திக்கிட்டா? அவ இல்லாம நான் என்ன பண்ணுவேன், வீட்டுல தீப்பெட்டி எங்க இருக்குன்னுகூட எனக்குத் தெரியாதே. இதை அவகிட்ட மூச்சு விட்டுடாதே. கவரை ஒட்டி, அவ கையிலேயே கொடுத்துத் தபால்ல போடச் சொல்றேன். அவ பிரிக்க மாட்டா.

பிள்ளைகளுக்கு என் ஆசியும், வேனுக்கு முழு டேங்க் டீசலும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு அத்தான்

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதறேன். கவரை ஆவி காட்டிப் பிரிச்சுட்டேன். பேயும் இல்ல பிசாசும் இல்ல, அது நான்தான்டா! வாக்கிங்னு சொல்லிட்டு, கயாக்கைச் சக்கர வண்டியில வச்சுத் தள்ளிக்கிட்டுப் போயிடுவேன். உங்க அத்தான் குறிக்கிற நேரம் ஒரு நாள்கூடத் தப்பினதில்ல. அந்த இருபது நிமிஷம் தண்ணி அசையாம நிக்கும் பாரு, கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அப்படியொரு நிம்மதியை நான் கண்டதில்ல. அதனால வேன் கொண்டு வராதே. ரம்பத்தை ஒளிச்சு வச்சுட்டேன்.

இதை எழுதிட்டு, அவர் எழுதினதை மறுபடி படிச்சேன். நான் எடுத்துட்டுப் போறது ஒரு துடுப்புதான். உக்கார்றது பின்சீட்டு, முன்சீட்டு காலிதான். தனியாப் போனா மூக்கு தூக்கும்னு சொன்னார்ல, எனக்கு ஒரு நாளும் தூக்கினதே இல்ல. நல்லா ஓட்டக் கத்துக்கிட்டேன்னு நினைச்சிட்டிருந்தேன்.

தம்பி, சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்காதே. கடிதம் கிடைச்ச அன்னிக்கே வேனை எடுத்துக்கிட்டு வா.