முந்தின நாள் பத்தியக்காரர்

மனிதர்களில் முந்தின நாள் பத்தியக்காரர் என்றொரு இனம் உண்டு. இந்த இனத்தை நான் முதலில் சந்தித்தது, எங்கள் வம்சத்திலேயே முதல் ஆளாக பி.எஸ்சி. முடித்துவிட்டு குடவாசல் பஸ்ஸிலிருந்து இறங்கிய வாரத்தில். படித்த பிள்ளை வந்துவிட்டான் என்று தெருவே ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்தது. நான் படித்தது தாவரவியல். யார் கேட்டார்கள்?

வரிசையில் முதல் ஆள் இளையபெருமாள் மாமா. "கிரியாட்டினின் எனக்கு ஒண்ணு புள்ளி மூணு. எதுத்த வீட்டு பக்கிரிக்கு வெறும் புள்ளி ஒம்போதுதான். பாஸ் மார்க்கு எவ்வளவு மாப்ள?" என்றார். அது கூடினால் கிட்னி திணறுகிறது என்று அர்த்தம், மார்க்கு இல்லை என்று விளக்கினேன். பக்கிரியிடம் தோற்றுப்போன முகத்தோடு எழுந்து போனார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பரிசோதனையையும் மாமா பரீட்சையாகவே எழுதினார். தேதி நெருங்கினால் கருவாடு பரணுக்குப் போகும், ஊறுகாய் ஜாடி பக்கத்து வீட்டுக்குப் போகும், மாதக்கணக்கில் சாமி படத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்த பிரஷர் மாத்திரை வெளியே வரும், வாழைத்தண்டுச் சாறு சொம்பு சொம்பாக உள்ளே போகும், மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு யாரோ துரத்துவதுபோல வாய்க்கால் கரையில் நடப்பார். ரத்தம் கொடுத்த கையில் பஞ்சு இருக்கும்போதே மறு கை பரோட்டாவைப் பிய்க்கும். சால்னா தனிக் கிண்ணத்தில். உடம்பை ஏமாற்றி உடம்பிடமே நற்சான்று வாங்கும் வித்தை இது.

போன ஆடியில் மாட்டிக்கொண்டார். குலதெய்வத்துக்குக் கிடா வெட்டிய மறுநாள், சொல்லாமல் கொள்ளாமல் சிறுநீரகப் பரிசோதனை முகாம் எங்கள் ஊருக்கு வந்து இறங்கிவிட்டது. பெயர் எழுத என்னை உட்காரவைத்திருந்தார்கள். பட்டதாரி அல்லவா. முன்கூட்டியே சொல்லாமல் வருவது என்ன நியாயம் என்று கொதித்த மாமா, சிறுநீர் டப்பாவை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது முகத்தில் அப்படியொரு நிம்மதி.

நர்ஸ் ஜெயபாரதி டப்பாவில் பரிசோதனைத் தாளை நனைத்தார். மஞ்சள் தாள் பச்சையானது. சிறுநீரில் புரதம் போகிறது, கிட்னி வடிகட்டுவதில் கோளாறு இருக்கலாம் என்றார்.

"வலி மாத்திரை போடுவீங்களா ஐயா?"

"நடவு நட்டுட்டு வந்தா தினமும் போடும்மா. இடுப்பு வலி."

"தண்ணி நல்லா குடிக்கிறீங்களா?"

"எங்க? வயல்ல ஒதுங்க மறைவு இல்லன்னு பொழுதுக்கும் அது குடிக்கிறதே இல்ல."

"யாரு?"

"காத்தாயி."

மாமா வாயைப் பொத்திக்கொண்டார். கொஞ்சம் தாமதம். ஆம், டப்பாவில் இருந்தது மாமாவின் மனைவி காத்தாயி அத்தையுடையது. தன்னைக் கறி வாடை காட்டிக் கொடுத்துவிடும், நாள் பூரா உழைக்கிறவளுக்கு என்ன வந்துவிடப்போகிறது என்று அத்தையிடம் நீட்டியிருக்கிறார்.

ஆள் அனுப்பி அத்தையை அழைத்து வந்தோம். கையில் நாற்றுச் சேறுகூடக் காயவில்லை. விஷயத்தைக் கேட்டுவிட்டு மாமாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "எனக்கும் பாக்குறாங்கன்னு ஆசையாக் குடுத்தேன் தம்பி. இவரு பாஸாவுறதுக்கா கேட்டாரு?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். 

அங்கேயே அத்தைக்கு மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் பச்சை. பிரஷரும் எகிறியிருந்தது. பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். அங்கே டாக்டர், ஆரம்பத்திலேயே பிடிபட்டது நல்லது, மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையைத் தொடவே கூடாது, உப்பைக் குறை, பிரஷர் மாத்திரையை விடாதே என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் அத்தையின் மாத்திரைப் பையை மாமாதான் மடியில் வைத்திருந்தார்.

இப்போது எப்படி இருக்கிறார்கள்? அத்தை தண்ணீர்க் கேனோடு வயலுக்குப் போகிறார், மாத்திரை தவறுவதில்லை, போன மாதப் பரிசோதனையில் புரதம் குறைந்திருக்கிறது. வரப்போரம் நாலு மூங்கில் நட்டு, தார்ப்பாய் கட்டி, நடவுப் பெண்களுக்கு ஒரு மறைவு எழுப்பியவர் மாமா. அதை யார் புகழ்ந்தாலும் பேச்சை மாற்றிவிடுவார்.

ஆனால் அவருடைய சிறுநீரை இன்றுவரை யாரும் பார்க்கவில்லை. திங்கட்கிழமை நிச்சயம் கொடுக்கிறாராம். இன்று வெள்ளிக்கிழமை. கருவாடு பரணில் இருக்கிறது, மாமா வாய்க்கால் கரையில் வேகமாக நடந்துகொண்டிருக்கிறார்.

அவருக்குப் பின்னால், அதே வேகத்தில், கையில் வாழைத்தண்டோடு வருகிறவர் யார்? உங்களை மாதிரி தெரிகிறதே.